காற்று அடங்கும் வரை



நம் வாட்ஸ்அப் குழுவில் காலையில் எழுந்ததும் படங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. மொட்டை மாடியில் சூரிய உதயம், பூங்காவில் செம்பருத்தி, மழை விட்ட பிறகு வேப்பமரம். எடுக்க ஒரு விநாடி, அனுப்ப ஒரு விநாடி. ஒரு மரத்தைப் படம் எடுக்க அரை நாள் காத்திருந்த காலமும் இருந்தது. அந்தக் காத்திருப்புக்கு முக்கியக் காரணம் வெயிலோ மழையோ அல்ல, காற்று. இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அந்தக் கதையைப் பார்ப்போம்.

காற்று ஏன் எதிரி?

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 'ஈரத் தகடு' முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். அதை இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். எல்லாம் சேர்த்துச் சுமார் பத்துப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். காய்ந்துவிட்டால் தகடு வீண். கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தத் தகடு ஒளியை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். நீல நிறம் சீக்கிரம் பதியும், பச்சை மிகவும் தாமதமாகப் பதியும். ஆகவே மரம் செடி கொடிகள் விழ வேண்டுமானால் லென்ஸ் பல விநாடிகள், சில நேரம் பல நிமிடங்கள் திறந்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு சிறு காற்று வந்தால் போதும். பாறை அசையாது, கட்டடம் அசையாது, இலைகள் மட்டும் புகைமூட்டம் போல் கலங்கிவிடும். நீரில் தெரியும் நிழலும் கலைந்துவிடும்.

'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்பது களத்துமேட்டுப் பழமொழி. அந்தக் காலப் படக்காரருக்கு அது தலைகீழ். காற்று இல்லாத போதே அவர் தன் வேலையை முடித்தாக வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு கேப்டன்

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். அதன் நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர்.

ட்ரைப் பெரும்பாலும் கையாண்டது மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ். அதை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், காற்று நிற்கட்டும் என்று அவர் நிதானமாகக் காத்திருக்க முடிந்தது. ஆனால் லென்ஸைத் திறந்துவிட்டால் கண்ணாடியை விடக் காகிதத்துக்கு நேரம் அதிகம் வேண்டும். கல்வெட்டுக்கு அதனால் பாதகமில்லை. மரங்களுக்குத்தான் சிக்கல். இலைகள் சரியாக விழாத நெகட்டிவ்களில் அவர் தூரிகையால் வண்ணம் தொட்டு இலைகளைச் சீர்செய்தார். அவருடைய படங்களில் உள்ள மேகங்கள் சிலவும் தூரிகையின் வேலைதான்.

யோசெமிட்டியின் காலை

காற்றோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அமெரிக்காவின் கார்ல்டன் வாட்கின்ஸைச் சொல்லலாம். 1829இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, தங்கம் தேடிப் போன கூட்டத்தோடு கலிபோர்னியா வந்தவர். 1861இல், 31 வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் போனார். அப்போது படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தகடுதான் வேண்டும். 18க்கு 22 அங்குலத் தகடு பிடிக்கும் கேமரா ஒன்றைத் தனியாகச் செய்யச் சொன்னார். கேமரா, கண்ணாடிகள், ரசாயனங்கள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்.

மலைப் பள்ளத்தாக்கின் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. இரவில் மலைச்சரிவுகள் குளிர்ந்து, கனத்த குளிர்காற்று கீழே இறங்கும். பகலில் சரிவுகள் சூடேறி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில், காலையில், சிறிது நேரம் எல்லாம் அசையாமல் நிற்கும். ஏரி கண்ணாடியாவது அப்போதுதான். வாட்கின்ஸ் எடுத்த நிழல் தெரியும் நீர்ப் படங்கள் அப்படிப்பட்ட அமைதியில்தான் சாத்தியம்.

ஆனால் அந்த நேரத்தில் வெளிச்சமும் வேண்டும், கையில் ஈரத் தகடும் தயாராக வேண்டும். முன்னதாகத் தகட்டைத் தயாரித்தால் காற்று நிற்பதற்குள் காய்ந்துவிடும். காற்று நின்ற பிறகு தயாரித்தால், தகடு வருவதற்குள் அடுத்த காற்று தொடங்கிவிடும். ஆகவே அவருடைய காத்திருப்பு கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அல்ல. காற்று எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்குச் சில நிமிடம் முன்னால் கூடாரத்துக்குள் புகுந்து வேலையைத் தொடங்குவது.

அந்தக் காலத்தில் இன்னொரு உபாயமும் இருந்தது. ஷட்டர் கிடையாது, லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து மூடுவதுதான் வழக்கம். இலை அசைந்தால் மூடிவிடுவார்கள். நின்றால் மறுபடி திறப்பார்கள். பத்து விநாடி, ஐந்து விநாடி என்று சேர்த்து மொத்த நேரத்தை நிரப்புவார்கள். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வெளிச்சத்தைத் தவணை முறையில் வசூல் செய்வது!

அந்தப் படங்கள் செய்த வேலை

1862இன் இறுதியில் வாட்கின்ஸின் படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிழக்குப் பகுதி மக்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டதில்லை. அதைப் பாதுகாக்கும் மசோதாவை 1864இல் கலிபோர்னியா செனட்டர் ஜான் கான்னஸ் கொண்டுவந்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், ஜூன் 30 அன்று, ஜனாதிபதி லிங்கன் அதில் கையெழுத்திட்டார். லிங்கனும் கலிபோர்னியா போனதே இல்லை. பள்ளத்தாக்கும் அருகிலுள்ள மரிப்போசா பெருமரத் தோப்பும் என்றென்றும் பொதுமக்களுக்கே என்று ஒதுக்கப்பட்டன. மசோதாவுக்கு ஆதரவு திரண்டதில் வாட்கின்ஸின் படங்களுக்கும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அங்குள்ள ஒரு சிகரத்துக்கே மவுண்ட் வாட்கின்ஸ் என்று பெயர். கண்ணாடி ஏரி எனப்படும் மிரர் லேக்கில் அதன் நிழல் விழும்.

கடனில் போன நெகட்டிவ்கள்

பலரும் அறியாத பகுதி இனிமேல்தான். 1870களில் பொருளாதாரம் சரிந்தது. 1875 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் பெரிய வங்கியான பேங்க் ஆஃப் கலிபோர்னியாவே கதவை மூடியது. வாட்கின்ஸ் கடனைக் கட்ட முடியாமல் தன் காட்சிக்கூடத்தையும் நெகட்டிவ்களையும் இழந்தார். அவை கடன் கொடுத்தவரிடமும், ஐசையா டேபர் என்ற இன்னொரு படக்காரரிடமும் போய்ச் சேர்ந்தன. டேபர் அவற்றை அச்சிட்டுத் தன் பெயரிலேயே விற்றார்.

அடமானத்தில் போன நகைகளை நான் பணிக்காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நகை போனால் அதே போல் இன்னொன்று செய்துகொள்ளலாம். காற்று நின்ற அந்த ஒரு காலையை எப்படித் திரும்பச் செய்வது?

வாட்கின்ஸ் மறுபடி மலை ஏறினார். பழைய இடங்கள் பலவற்றிலும் திரும்பக் கேமராவை நிறுத்தினார். மறுபடி காத்திருந்தார். அந்தப் படங்களை 'புதிய வரிசை' என்று வெளியிட்டார். பிறகு பார்வை மங்கியது. 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோ பூகம்பமும், தொடர்ந்து வந்த தீயும் அவர் கூடத்தில் மிஞ்சியிருந்ததையும் அழித்துவிட்டன. 1916இல் ஒரு மனநல மருத்துவமனையில் காலமானார். பொறுமைக்குப் பரிசு கிடைக்கும் என்று நீதி சொல்ல இந்த வாழ்க்கை இடம் தரவில்லை. ஆனால் பள்ளத்தாக்கு இன்றும் இருக்கிறது. முன்பே விற்றுப்போய்ப் பல ஊர்களுக்குச் சென்றிருந்த அவருடைய படங்களும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

பிறகு என்ன ஆயிற்று?

1880 வாக்கில் கடையில் வாங்கும் உலர் தகடுகள் வந்தன. படம் எடுக்கும் நேரம் விநாடிக்கும் கீழே இறங்கியது. காற்றின் அதிகாரம் குறைந்தது. ஆனால் முற்றிலும் போகவில்லை. 1932இல் ஆன்செல் ஆடம்ஸ் முதலானோர் 'எஃப் 64' என்ற குழுவைத் தொடங்கினார்கள். லென்ஸின் துளையை மிகச் சிறியதாக்கி, பக்கத்தில் உள்ள புல்லும் தூரத்து மலையும் ஒருசேரத் துல்லியமாக விழச் செய்வது அவர்கள் கொள்கை. துளை சிறுத்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் காற்று மறுபடி உள்ளே வந்துவிடும்!

நம் கைப்பேசியிலும் அதே கதைதான். உச்சி வெயிலில் கவலை இல்லை. மாலை மங்கும்போதும் இரவுப் பயன்முறையிலும் கேமரா தானாகவே நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. வேப்பிலை கலங்கலாக விழுவது அதனால்தான், கைப்பேசியின் குற்றமல்ல. அடுத்த முறை உடனே பொத்தானை அழுத்தாமல் கைப்பேசியை மாடிச் சுவரில் ஊன்றி வைத்துக்கொண்டு, மரத்தையே சிறிது நேரம் பாருங்கள். இரண்டு வீச்சுக்கு நடுவே ஓர் இடைவெளி வரும். அதை அடையாளம் கண்டுகொண்டால் மீதி எளிது.

அப்படி எடுத்த படம் ஏதாவது இருந்தால் குழுவில் போடுங்கள். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.