ஆறு ஆசிரியரும் ஒரு பாடவேளையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்றவர் ஒரு செய்தியை எளிதில் மறவார். ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கிய மாதவி, ஏழாண்டுகள் கற்றுத் தேர்ந்து, பன்னிரண்டாம் அகவையில் சோழ வேந்தன் முன்னிலையில் அரங்கேறுகின்றாள். அவளை உருவாக்கிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் தகுதியையும் இலக்கணமாகவே கூறிச் செல்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் யாக்கும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என ஆறு பேர் ஒரு மாணவிக்காகக் கூடி நிற்கின்றனர். ஆடரங்கின் நீள அகலங்களும் அளந்து சொல்லப்படுகின்றன. சிறப்புக் கலைப் பயிற்சி என்று இன்று நாம் வழங்கும் ஒன்றிற்கு இதனினும் முழுமையான பாடத்திட்டத்தைத் தமிழில் காண்பது அரிது.

எனினும் அப்பாடத்திட்டம் ஊர்ப் பொதுவிற்கு அமைந்ததன்று. கணிகையர் குலத்திற் பிறந்த ஒருத்திக்கென அமைந்தது. கலை குலத்தின் வழி ஓடிய காலம் அது. குலத்திற்குரியதாய் இருந்த கலையை ஊர்ப் பள்ளியில், அரசின் செலவில், எவர் வீட்டுப் பிள்ளைக்கும் கற்பிக்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டில் எப்போது பிறந்தது? எங்ஙனம் வளர்ந்தது? எங்கே தடைப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுக்கல்விக்குள் முதலில் புகுந்த கலை ஓவியமே. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசின் பொறுப்பில் வளர்ந்து, இன்று எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அதுவே. ஆயினும் அக்கால ஆட்சியாளர் ஓவியத்தைக் கலையாகக் கருதியதைவிடத் தொழிலின் துணையாகவே மிகுதியும் கருதினர். மரவேலை, உலோகவேலை, கட்டடவேலை ஆகியவற்றிற்கு நேர்கோடும் அளவும் தவறாமல் வரையத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. இக்கருத்தின் வழியே, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்ற ஓவிய ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இடம்பெற்றனர். கரும்பலகையில் குடமும் இலையும் வரைந்து காட்டி, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் செய்த அந்த ஓவிய ஆசிரியரே நம் பொதுப்பள்ளிகளின் முதற் கலையாசிரியர் எனலாம்.

இசையோ மேலிருந்து கீழிறங்கியது. 1929ஆம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலை அரசரின் இசைக்கல்லூரி தோன்றியது. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் இசைக்குப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி தென்னிந்திய இசை பற்றிப் பல தொகுதிகளாக எழுதிய நூல்கள், குருவின் வாய்மொழியாக மட்டும் இருந்த கல்வியை வகுப்பறைக்கு ஏற்ற பாடமாக மாற்றின. 1949இல் சென்னையில் அரசு இசைக்கல்லூரி அமைந்தபோது முசிரி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். மேற்படி உயர்ந்து நின்றது. அதற்கு ஏறிச் செல்லும் கீழ்ப்படியாகிய உயர்நிலைப் பள்ளியே வலுப்பெறாமல் இருந்தது.

இனி நம் தங்கவயலை நோக்குவோம். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் கால்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். வந்தோர் வறியவர், ஆனால் கலையில் வறியவரல்லர். அவர்கள் விட்டுவந்த வடஆர்க்காடு தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று. சுரங்க நிறுவனம் அவர்தம் தோளின் வலிமையைக் கணக்கிட்டது. குரலின் வளத்தையும் விரலின் நுட்பத்தையும் கணக்கிட அதற்குக் காரணமேதுமில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் இவ்வூருக்கு வந்தது. மின்விளக்கு விரைந்து வந்த ஊரில், உழைப்பாளர் பிள்ளைகளின் கல்விவிளக்கை ஏற்றும் பொறுப்பில் பெரும்பங்கை உழைப்பாளரே சுமக்க வேண்டியதாயிற்று.

அப்பொறுப்பை அவர்கள் ஏற்றனர் என்பதே இவ்வூரின் பெருமை. பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய இதழ் இவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளரிடையே பெருவரவேற்புப் பெற்றது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. 1926 முதல் ‘தமிழன்’ இதழ் இத்தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரால் நடத்தப்பட்டது. அச்சுக்கோத்தல், நூல் பதிப்பித்தல், மேடையில் சொல்லாடல் ஆகியவை பள்ளிப் பாடங்களாக அல்லாமல் இயக்கத்தின் பணிகளாகவே இங்குப் பயிலப்பட்டன. 1930இல் தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, அதனை இழிவெனக் கருதி இவ்வூரார் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கையை அடையாளம் காணும் பொருளாக மட்டும் பார்க்காதீர் என்பது அப்போராட்டத்தின் உட்பொருள். அந்தக் கை எழுதவும் தீட்டவும் மீட்டவும் வல்லது என்று ஏற்று, அதற்குரிய பயிற்சியை அளிக்க வேண்டிய இடம் பொதுப்பள்ளியன்றோ?

விடுதலைக்குப் பின்னரே அவ்வெண்ணம் திட்டமாக உருப்பெற்றது. 1948ஆம் ஆண்டை ஒட்டி, தி. சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராய் இருந்த காலத்தில், சென்னை மாகாணம் உயர்நிலைக் கல்வியை மறுசீரமைத்தது. நான்காம் பாரம் முதல் பொதுப் பாடங்களோடு சிறப்புப் பிரிவுகளும் வகுக்கப்பட்டன. பொறியியல், வேளாண்மை, அலுவலகப் பணி, மனையியல் ஆகியவற்றோடு ஓவியமும் இசையும் அவ்வரிசையில் இடம்பெற்றன. தங்கவயல் மைசூர் நாட்டின் எல்லைக்குள் இருந்தமையால் அத்திட்டம் இங்கு வரவில்லை. மொழியால் ஒன்றுபட்டும் எல்லையால் வேறுபட்டும் நின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வீட்டு விருந்தாகவே இருந்தது.

அடுத்து வந்த திட்டம் நாடு முழுமைக்கும் உரியது. 1952ஆம் ஆண்டு நடுவணரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரை அதன் தலைவராக்கியது. 1953 ஆகஸ்டில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்துப் பல்கலைக்கழக வாயிலில் நிறுத்துவது கல்வியாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. மொழிகள், சமூகவியல், பொது அறிவியல், ஒரு கைத்தொழில் ஆகியவற்றை எல்லோரும் கற்க வேண்டும். அதற்குமேல் கலைப்புலம், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதில் மூன்று பாடங்களைக் கற்கலாம். நுண்கலைப் பிரிவில் கலை வரலாறு, வரைதலும் வடிவமைப்பும், ஓவியம், உருவம் வனைதல், இசை, நடனம் ஆகியவை வைக்கப்பட்டன. இவற்றிற்கெனப் பல்நோக்குப் பள்ளிகள் எழ வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. ஒரு மருத்துவர் தலைமை தாங்கிய குழு, நடனத்தை வேதியியலுக்கு இணையான பிரிவில் நிறுத்தியது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாதவிக்கு வாய்த்ததில் ஒரு பங்கேனும் எல்லோர்க்கும் வாய்க்கட்டும் என்ற எண்ணம் அரசு அறிக்கையில் இடம்பெற்ற நேரம் அது.

அப்படியாயின் அத்திட்டம் ஏன் நிலைபெறவில்லை? இதற்குக் காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது செலவு. ஓர் அறையும் கரும்பலகையும் இருந்தால் வரலாறு நடத்தலாம்; இசைக்குக் கருவியும், வனைதலுக்குக் களிமண்ணும் கூடமும், நடனத்திற்கு அரங்கும் வேண்டும். இரண்டாவது ஆசிரியர். கலைவல்லார்க்குப் பட்டமில்லை, பட்டமுடையார் பலர்க்குக் கலையில்லை. பாடுவதில் தேர்ந்தவரேனும், பட்டதாரி ஆசிரியரின் ஊதியமும் மதிப்பும் அவர்க்குக் கிட்டவில்லை. மூன்றாவதும் முதன்மையானதும், மேற்படிப்பு. நுண்கலை பயின்ற மாணவனுக்குப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் வாயில் திறக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் எடுக்கும் ஒரு முடிவு வாழ்நாள் முழுவதையும் கட்டிவிடும் என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் வீண் அச்சமன்று.

1964இல் அமைந்த கோத்தாரிக் குழு 1966இல் அளித்த அறிக்கையில் இவ்வச்சத்திற்கு விடை கூறியது. பத்தாம் வகுப்புவரை பொதுக்கல்வியே வேண்டும். பிரிவுகளாகப் பிரித்தல் அதன் பின்னரே ஆகலாம் என்பது அதன் முடிவு. இளம் வயதிலேயே பிள்ளைகளைப் பிரிப்பது ஏழைக்கு ஒரு வழி, செல்வனுக்கு ஒரு வழி என்று ஆகிவிடக்கூடும் என்பதால் அம்முடிவு நேரியதே. ஆனால் விளைவு வேறாயிற்று. பிரிவுகள் நீங்கியபோது நுண்கலை எல்லோர்க்கும் உரிய பாடமாக மாறியிருக்க வேண்டும். மாறாக, தேர்வில்லாத பாடவேளையாகச் சுருங்கியது. தேர்வில்லாத பாடத்தை ஆசிரியரும் மதிப்பதில்லை; மாணவரும் மதிப்பதில்லை. கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்க நேரம் போதாதபோது முதலில் கடன் வாங்கப்படுவது ஓவிய வகுப்பின் நேரமே என்பதைப் பள்ளி கண்டோர் அறிவர்.

இது தவிர்க்கவியலாத விதியன்று என்பதற்குப் பிறநாடுகள் சான்று பகர்கின்றன. 1936ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டில் சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி கலாட்சேத்திரத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் நியூயார்க் நகரில், நகரத் தலைவர் லகார்டியாவின் முயற்சியால் இசைக்கும் ஓவியத்திற்கும் உரிய உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. முன்னது ஆர்வலரின் ஈகையால் வளர்ந்த தனிநிறுவனம். பின்னது நகர மக்களின் வரிப்பணத்தில் நடந்த பொதுப்பள்ளி. இரண்டும் சிறந்தனவே. ஆயினும் குடியேறி வந்த ஏழைத் தொழிலாளியின் பிள்ளை கட்டணமின்றி நுழையக்கூடிய வாயில் பின்னதற்கே இருந்தது. சிங்கப்பூர் அரசு 1982இல் இசைக்கும் 1984இல் ஓவியத்திற்கும் தேர்ந்த பள்ளிகளில் சிறப்புத் திட்டங்களைத் தொடங்கி, 2008இல் கலைக்கெனத் தனிப்பள்ளியே நிறுவியது.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று ஈழத்தில் உள்ளது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரவாரியாகத் தேர்வுகளை நடத்தி இசையாசிரியர்களை உருவாக்கியது. 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக்கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்குச் சித்திரமும் கருநாடக சங்கீதமும் பரதநாட்டியமும் நாடகமும் பொதுத்தேர்வுக்குரிய பாடங்களாக உள்ளன. பள்ளியில் பாடம், பாடத்திற்குத் தேர்வு, தேர்ந்தோர்க்குப் பல்கலைக்கழகம், அங்கிருந்து மீண்டும் பள்ளிக்கு ஆசிரியர் என்று ஒரு வட்டம் முழுமை பெற்றது. நீண்ட போரும் இடப்பெயர்வும் அந்நிலத்தை உலுக்கியபோதும் அக்கல்வி அற்றுப்போகவில்லை. முதலியார் குழு கனவு கண்டதில் நமக்குக் குறைந்தது இவ்வட்டமே.

அண்மைக் காலத்தில் நம் நாட்டிலும் சில அசைவுகள் தோன்றியுள்ளன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட உயர்தொடக்கப் பள்ளிகளில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று விதித்தது. அதையொட்டித் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றிற்காக 2012இல் ஏறத்தாழ 16,500 பேர் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் பணி. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். ஊதியம் பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. அதில் பறையும் கூத்தும் மேடையேறக் கண்டு மகிழாதார் யார்? ஆனால் திருவிழா அறுவடை போன்றது. ஆண்டு முழுதும் உழுது நீர்பாய்ச்ச ஓர் உழவன் வேண்டும். அரைநாள் ஆசிரியரைக் கொண்டு முழுநாள் கலையை வளர்த்தல் இயலுமா என்பது அரசுகள் விடை கூறவேண்டிய வினா.

கருநாடக மாநிலத்தில் இசை, நடனம், தாளக்கருவி ஆகியவற்றில் இளநிலை, முதுநிலை, வித்துவத் தேர்வுகள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. ஓவியத்திற்கும் தரத்தேர்வுகள் உண்டு. இவை நன்றே. எனினும் தேர்வு, கற்றவனை அளக்குமேயன்றிக் கல்லாதவனைக் கற்பிக்காது. கற்பிக்கும் ஆசிரியரைப் பள்ளிக்கு வெளியே தேடி, கட்டணம் செலுத்த வல்லவரே அத்தேர்வு வாயிலை அடைகின்றனர்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வூரார் பலர் விடியுமுன் தொடர்வண்டியேறிப் பெங்களூர் சென்று, இரவில் மீள்கின்றனர். தந்தை கற்ற தொழில் மகனுக்கு இல்லை என்றாகிவிட்ட ஊர் இது. இத்தகைய ஊரிலன்றோ பள்ளி தரும் கல்வி எல்லாவற்றினும் பெரிதாகின்றது? வீட்டில் கருவி வாங்க இயலாத பிள்ளைக்குப் பள்ளியின் ஆர்மோனியமே ஆர்மோனியம். பள்ளியின் வண்ணக்குப்பியே வண்ணம். அவை அங்கில்லையெனில் வேறெங்குமில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கலை இல்லாமற் போவது ஒரு குறை. எளியவர் பிள்ளைக்கோ அது கலையே இல்லாமற் போவதாகும். தெருக்கூத்தையும் பறையையும் கேட்டு வளர்ந்த குடியின் பேரப்பிள்ளைகள், அவற்றைப் பள்ளியில் பாடமாகவும் காணாமல், வீட்டில் வழக்கமாகவும் காணாமல் வளர்வாராயின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதொன்றன்று. பத்தாம் வகுப்புவரை எல்லோர்க்கும் ஒரு கலை, அதற்கு முழுநேர ஆசிரியர், மதிப்பெண்ணிற்குரிய தேர்வு, அதற்குமேல் விரும்புவோர்க்குச் சிறப்புப் பயிற்சி, அப்பயிற்சியை ஏற்கும் கல்லூரி. முதலியார் குழுவின் விரிவும் கோத்தாரிக் குழுவின் நீதியும் இதில் ஒருங்கே அமையும். அரசு இதனைச் செய்யும்வரை, பள்ளி விட்டபின் ஒரு மணிநேரம் ஒரு கலையைக் கற்பிக்கும் வகுப்பைத் தமிழ்ச்சங்கங்கள் நடத்தலாம். சுரங்கத்தில் இரவும் பகலும் உழைத்த நிலையிலும் தம் செலவில் அச்சகமும் இதழும் நடத்திய முன்னோரின் ஊரில் இஃது அரிய செயலாகாது.

ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டில் இம்மண்ணிலிருந்து எண்ணூறு டன் அளவிற்குப் பொன் எடுத்தனர் என்பர். எடுத்த பொன் ஊரைவிட்டுப் போயிற்று. ஊரிலேயே தங்கும் செல்வம் பிள்ளைகளின் கையிலும் குரலிலும் உள்ளது. அதனைத் தோண்டியெடுக்க ஆழத்தில் இறங்க வேண்டியதில்லை. மாதவிக்கு வாய்த்த ஆறு ஆசிரியரும் வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கு ஒருவரேனும் அமைக.