மகள்களின் சொத்துரிமை (கர்நாடகம்)

கர்நாடகத்தில் இந்து மகள்களின் சொத்துரிமை என்பது, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு உள்ள பங்கையும், பெற்றோர் உயில் எழுதாமல் இறந்தால் அவளுக்குச் சேரும் வாரிசுரிமையையும் குறிக்கும். மைசூர் சமஸ்தானம் 1933-இல் இயற்றிய சட்டம் இதன் முதல் படி. 1956, 1994, 2005 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைக் கடந்து, 2020-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு இன்றைய வடிவம் நிலைபெற்றது. இந்த எண்பத்தேழு ஆண்டுகளில் பங்கின் அளவைக் கூட்டுவதை விடவும், தாலி ஏறியதும் பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து மகளின் பெயரை அடித்துவிடும் வழக்கத்தை அகற்றுவதுதான் கடினமாக இருந்தது. தென்கொரியக் குடும்பச் சட்டமும் அரை நூற்றாண்டுக் காலம் இதே முடிச்சில்தான் சிக்கிக் கிடந்தது.

ஜீவனஹள்ளியும் அதன் குடும்பங்களும்

பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியுள்ள ஜீவனஹள்ளி, தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதி. 1809-இல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்த காலம் தொட்டே இந்தச் சுற்றுவட்டாரத்துக்குத் தமிழர்கள் பிழைப்புத் தேடி வந்து குடியேறினர். மதங்கள் கலந்து வாழ்வதால், பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு வாரிசுரிமைச் சட்டங்கள் பொருந்துகின்றன. கிறித்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம்களுக்கு ஷரீஅத், அதில் மகன் பெறுவதில் பாதி மகளுக்கு. இந்துக்களின் சட்டமே அதிகத் திருத்தங்களைக் கண்டது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

குடியேறி வந்த குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இங்கே உழைத்து வாங்கிய சைட்டும் அதில் தளம் தளமாக எழுப்பிய வீடும். இது வாங்கியவரின் சுயசம்பாத்தியம். மற்றொன்று, ஊரில் பாட்டன் வழி வந்த நிலம். மகளின் பிறப்புரிமை பற்றிய பெரிய வழக்குகள் எல்லாம் இரண்டாம் வகையைப் பற்றியவை. சுயசம்பாத்தியச் சொத்தில் யாருக்கும் பிறப்புரிமை கிடையாது. சம்பாதித்தவர் விரும்பியபடி உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோருக்குச் சம பங்கு. இந்த வேறுபாடு தெரியாமல், மகளுக்குப் பிறப்புரிமை தந்த 2005 திருத்தம் எல்லாச் சொத்துக்கும் பொருந்தும் என்று நம்பி ஏமாறும் மகள்கள் உண்டு. அதே குழப்பத்தைக் காட்டி மகளுக்கு எதுவுமே இல்லை என்று சாதிக்கும் அண்ணன் தம்பிகளும் உண்டு.

மைசூர்ச் சட்டம், 1933

மைசூரில் பெண்களுக்கான சட்டங்கள் முன்கூட்டியே வந்தன. எட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியின் திருமணத்தை 1894-இலேயே அந்தச் சமஸ்தானம் தடை செய்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும் மிர்சா இஸ்மாயில் திவானாகவும் இருந்தபோது, 1933-ஆம் ஆண்டின் பத்தாவது சட்டமாக இந்து சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம் வந்தது. பாகப் பிரிவினையில் தாய்க்கும், விதவைக்கும், மணமாகாத மகளுக்கும் சகோதரிக்கும் பங்கு உண்டு என்றது அது. விதவைக்குக் கணவன் பங்கில் பாதி; மணமாகாத மகளுக்கோ சகோதரிக்கோ சகோதரன் பங்கில் கால்வாசி.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1937-இல்தான் விதவைக்கு வாழ்நாள் உரிமை கிடைத்தது. அந்தச் சட்டம் மகளைக் கண்டுகொள்ளவில்லை. அந்த வகையில் மைசூர் முன்னே நின்றது. ஆனால் கால்வாசி தந்த அதே கை, திருமணமான மகளை முழுவதுமாக ஒதுக்கியது. கன்டோன்மென்ட் 1881 முதல் 1947 ஜூலை 26 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு மைசூர்ச் சட்டம் தானாகப் பொருந்தவில்லை. ஒரே பெங்களூரில், நகரப் பகுதி வீட்டு மகளுக்கு இருந்த கால் பங்கு கன்டோன்மென்ட் வீட்டு மகளுக்கு இல்லை.

1956: பாதி திறந்த கதவு

மங்களூரில் பிறந்த பி. என். ராவ் தலைமையிலான குழு தயாரித்த வரைவு, ஆண்களுக்கு மட்டும் பிறப்புரிமை தரும் மிதாக்ஷரக் கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிட முனைந்தது. அம்பேத்கர் அதை இந்து சட்டத் தொகுப்பு மசோதாவாக முன்னெடுத்தார். அது கிடப்பில் போடப்பட்டபோது, 1951-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பின்னர் துண்டு துண்டாக நிறைவேறிய சட்டங்களில் ஒன்று, 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். பெண் பெற்ற சொத்து அவளுக்கே முழு உரிமை என்று அதன் 14-ஆம் பிரிவு சொன்னது. அது பெரிய வெற்றி. ஆனால் 6-ஆம் பிரிவு பழைய கூட்டுக்குடும்ப முறையை அப்படியே விட்டுவைத்தது.

இதன் விளைவைக் கணக்கில் காணலாம். தாய் இல்லாத குடும்பம். தந்தை, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று கொள்வோம். தந்தை இறந்ததும், பூர்வீகச் சொத்தை முதலில் தந்தைக்கும் இரு மகன்களுக்கும் மூன்றாகப் பிரித்ததாக 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கருதும். பிறகு தந்தையின் மூன்றில் ஒன்றை மூன்று பிள்ளைகளும் பகிர்வார்கள். ஒவ்வொரு மகனுக்கும் ஒன்பதில் நான்கு. மகளுக்கு ஒன்பதில் ஒன்று. இனி 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரு சகோதரர்கள் பிரித்துக்கொள்ளும்போது மணமாகாத சகோதரிக்கு ஆளுக்குரியதில் கால்வாசி என்றால் நான்கு, நான்கு, ஒன்று. அதுவும் ஒன்பதில் ஒன்றே. இந்த வீட்டைப் பொறுத்தவரை, இருபத்து மூன்று ஆண்டுகளும் ஒரு சுதந்திரமும் கடந்து மகளின் பங்கு துளியும் ஏறவில்லை. மணமான மகளுக்கும் அது கிடைக்கும் என்பதே வந்த மாற்றம்.

ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளை அதிகம் பாதித்தது 23-ஆம் பிரிவு. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரை அவள் பிரிவினை கேட்க முடியாது. மணமாகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், விதவை ஆகியோர் மட்டும் அங்கே தங்கலாம். நிலபுலன் உள்ள குடும்பத்துக்கு இது ஒரு தடை. இருபதுக்கு முப்பது சைட்டில் கட்டிய ஒற்றை வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லாத குடும்பத்தில், மகளின் பங்கு காகிதத்தோடு நின்றது. இந்தப் பிரிவு 2005-இல்தான் நீங்கியது. அந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசுவோர் பிறப்புரிமையைக் கொண்டாடுகிறார்கள். நகரத்து எளிய குடும்பங்களுக்கு 23-ஆம் பிரிவு போனதே பெரிய விடுதலை.

இரு மாநிலங்கள், இரு தேதிகள்

செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரித் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, மு. கருணாநிதியின் ஆட்சியில் தமிழ்நாடு மகளுக்குப் பிறப்பால் வரும் பங்குரிமையைக் கொடுத்தது. அது 1989 மார்ச் 25 முதல் செல்லும். ஆந்திரம் 1985-இலேயே அதைச் செய்திருந்தது. கேரளம் வேறு வழி எடுத்து, 1976 டிசம்பர் முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. கர்நாடகத்தின் திருத்தம் 1994 ஜூலை 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே நிபந்தனை வைத்தன. அந்தந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளுக்கு இந்த உரிமை இல்லை. ஒரே வீட்டு அக்காவும் தங்கையும் முகூர்த்த நாளால் வேறுபட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையும் சீர்வரிசையுமே அவள் பங்கு என்ற பேச்சுக்குச் சட்டமே வலு சேர்த்தது. குடும்பங்கள் கலைந்துபோகாமல் காக்கவே இந்த விலக்கு என்று அன்று வாதிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் மணமான அண்ணனின் பங்கை எந்தச் சட்டமும் கேள்வி கேட்கவில்லை என்பதை நினைத்தால், அந்த வாதத்தில் நியாயம் இல்லை.

2005 திருத்தமும் கர்நாடக வழக்குகளும்

சட்ட ஆணையம் 2000-இல் தன் 174-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததை ஒட்டி, நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2005 செப்டம்பர் 9 முதல், மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்குதாரர். திருமணத்தைப் பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை. கூட்டுக்குடும்பத்தின் கடன் பொறுப்புகளிலும் அவளுக்குப் பங்கு உண்டு. முன்னர்ச் சொன்ன குடும்பத்தில் தந்தைக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கால் கால். தந்தையின் கால்வாசியும் மூன்றாகப் பிரிந்தால், ஒன்பதில் ஒன்று பெற்றவள் மூன்றில் ஒன்று பெறுவாள்.

2005-க்கு முன்பே தந்தை இறந்திருந்தால் என்ன என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன இரண்டு முக்கிய வழக்குகளும் கர்நாடகத்தவை. பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில், 2015 அக்டோபரில், திருத்தம் வந்த நாளில் தந்தையும் மகளும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தானம்மா எதிர் அமர் வழக்கில் தந்தை 2001-இலேயே இறந்துவிட்டார். அவருடைய மகள்கள் 1956-க்கு முன் பிறந்தவர்கள் என்று காரணம் காட்டி விசாரணை நீதிமன்றம் பங்கை மறுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கொடுத்தது. இரண்டு தீர்ப்புகளுமே இரு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்புகள். கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது என்று தடுமாறின.

விநீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு முடிவு கட்டியது. உரிமை பிறப்பால் வருவது. ஆகவே 2005-இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல. மசோதா மாநிலங்களவையில் அறிமுகமான 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்த பாகப் பிரிவினைக்குப் பாதுகாப்பு உண்டு. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற வாதத்தைப் பொது ஆவணங்களின் ஆதாரம் இருந்தாலொழிய ஏற்கலாகாது. மகளை விலக்க முன்தேதியிட்ட வாய்ப்பேச்சுப் பிரிவினைகள் சோடிக்கப்படும் என்பதை அறிந்தே அந்த வாசலை அடைத்தார்கள். குடும்பத்தின் மூத்த மகளும் கர்த்தாவாக (குடும்பத் தலைவராக) இருந்து சொத்தை நிர்வகிக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது.

கொரிய ஒப்பீடு

தென்கொரியாவில் 1960-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹோஜு என்ற தலைவரை வைத்தது. தலைமை முதலில் மகனுக்குப் போகும். கைக்குழந்தையான மகன் தன் தாய்க்கும் பாட்டிக்கும் சட்டப்படி தலைவனாகலாம். மணமான பெண்ணின் பெயர் தந்தையின் குடும்பப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, கணவன் வீட்டுப் பதிவேட்டில் ஏறும். அப்படிப் பெயர் மாறிய மகளுக்கு, மகன் பெறுவதில் கால்வாசி. மைசூர் மணமாகாத மகளுக்குத் தந்த அளவும் அதுதான்.

அந்நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர் லீ தை யங் 1956-இல் பெண்களுக்கான சட்ட உதவி மையம் ஒன்றைத் தொடங்கி, தன் வாழ்நாளெல்லாம் இதற்காகப் போராடினார். 1975-இல் ராமோன் மக்சேசே விருது பெற்ற அவர் 1998-இல் காலமானார். 1991 முதல் மணமான மகளுக்கும் சம பங்கு கிடைத்தது. ஆனாலும் ஹோஜு முறை நீடித்தது. அதை அரசியலமைப்பு நீதிமன்றம் 2005 பிப்ரவரி 3 அன்று அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்றது. 2008 ஜனவரி 1 முதல் குடும்பப் பதிவேட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு நபருக்கும் தனிப் பதிவு வந்தது. 2005 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குல சங்கங்களில் பெண்களும் உறுப்பினர்களே என்று தீர்ப்பளித்தது. இரண்டு மாதத்தில் இந்தியத் திருத்தம் வந்தது. அங்கே பங்கு முதலில் வந்தது, குடும்பத்தில் உறுப்பினர் என்ற நிலை பின்னர் வந்தது. இந்தியாவில் இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தன. ஆனால் கொரியாவில் பதிவேடே மாறியது. இங்கே பதிவேடுகள் பழைய வழக்கத்திலேயே ஓடுகின்றன.

நடைமுறையும் எஞ்சியிருக்கும் குறையும்

கர்நாடகத்தில் ஒருவர் இறந்தபின் வாரிசுகளைக் காட்ட வம்சவிருட்சச் சான்று வாங்கி, அதைக் கொண்டு காத்தாவை (சொத்துப் பதிவேட்டில் உள்ள பெயரை) மாற்றுவார்கள். அதில் மகள்களின் பெயரை விட்டுவிட்டார்கள் என்பது பாகப் பிரிவினை வழக்குகளில் அடிக்கடி எழும் புகார். பெயர் இருந்தாலும், சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் மகள் போடும் விடுதலைப் பத்திரக் கையெழுத்து எல்லாவற்றையும் அண்ணன் தம்பிக்கே திருப்பித் தந்துவிடுகிறது. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயமே அந்தக் கையெழுத்தை வாங்குகிறது. பதிவாகிவிட்ட பத்திரத்தை, ஏமாற்றோ வற்புறுத்தலோ நடந்ததாக நிரூபித்தால்தான் உடைக்க முடியும், அது எளிதன்று. கையெழுத்துக்கு முன் தன் பங்கின் மதிப்பை அறிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. கேட்கும் மகளைப் பேராசைக்காரி என்று வையும் ஊர், கேட்காமல் எடுத்துக்கொள்ளும் மகனை ஒன்றும் சொல்வதில்லை.

சட்டத்திலேயே ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவனுடைய தாய் முதல் வரிசை வாரிசு. பெண் இறந்தால், 15-ஆம் பிரிவின்படி, பிள்ளைகளும் கணவனும் இல்லாத நிலையில், அவள் சம்பாதித்தது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பிறகே. ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் அந்தப் பெண் 1955-இல் மணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்தார்; புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டனர். பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சேமித்தார், 1996-இல் இறந்தார். அவருடைய வங்கிச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் கணவனின் சகோதரி மகன்களுக்கே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்றது. இப்படிப்பட்ட சொத்தைப் பெண்ணின் பிறந்த வீட்டாருக்கும் பகிரும்படி சட்டத்தைத் திருத்தச் சட்ட ஆணையம் 2008-இலேயே, 207-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. அந்தத் திருத்தம் வரவில்லை. கார்மென்ட்ஸ் வேலையிலும் வீட்டு வேலையிலும் அலுவலகத்திலும் சம்பாதித்துச் சேர்க்கும் பிள்ளையில்லாத விதவை ஒருத்தி, தன் பணம் தன்னைப் பெற்றவளுக்கோ உடன்பிறந்தவளுக்கோ சேர வேண்டும் என்று விரும்பினால், உயில் எழுதியே ஆக வேண்டும். அதற்கு முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, பயனடையாத இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும்.