பின்னல் செடியின் பூர்வீகம்

தெஹியோவிட்டவில் பச்சைக்குப் பஞ்சமில்லை. அவிசாவளையைத் தாண்டி ஹட்டன் வீதியில் ஏறினால் இரு பக்கமும் இறப்பர்த் தோட்டம். வருடத்தில் பாதி நாள் மழை. அந்த ஊரில், ஒரு தோட்ட வீட்டுக்குள் வுல் நூலால் பின்னிய தொட்டிச் செடிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பழைய லயக் காம்பராவைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு கதவு, இருந்தால் ஒரு சின்ன யன்னல். உள்ளே வெயில் வராது. உயிருள்ள செடியை அதற்குள் வைத்தால் மஞ்சளித்துச் சாகும். நூல் செடிக்கு வெயிலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இடமும் ஒரு சாண் போதும்.

அப்படியொரு செடி அங்கே பின்னப்படுவதாக வைத்துக்கொண்டு, அதன் பூர்வீகத்தைத் தேடிப் போவோம். வழி அயர்லாந்தில் தொடங்குகிறது.

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் ஒரு கருகல் நோய் பரவியது. இலை கருகியது, மண்ணுக்குள் கிழங்கு அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்தில் கோர்க் நகரத்துக் கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோசே பின்னக் கற்றுக்கொடுத்தன. குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் அதே வேலையைத் தொடங்கினார். முதலீடு அதிகம் தேவைப்படவில்லை. நுனி வளைந்த ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். அவர்கள் பின்னியவை பெரும்பாலும் செடிகொடிகள்தாம்: ரோஜா, மூவிலை, திராட்சைக் கொத்து. ஒரு வீட்டில் ரோஜா மட்டும் பின்னுவார்கள், இன்னொரு வீட்டில் இலை மட்டும். பிறகு எல்லாவற்றையும் வலைப் பின்னலால் ஒன்றாக இணைப்பார்கள். அந்தக் காசில் வாடகை கட்டினார்கள், சிலர் அமெரிக்காவுக்குக் கப்பல் சீட்டும் எடுத்தார்கள். வயலில் பயிர் செத்த நாட்டில் நூலில் பூ பூத்தது இப்படித்தான்.

அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊசி மிசனரிமாரின் பெட்டியில் ஏறி ஆசியாவுக்கு வந்தது. ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஸ்கொட்லாந்து மிசனரிமார் குரோசே லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் அது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. வியாபாரி நூலை வீட்டுக்கு அனுப்புவார், பின்னியதை எடுத்துக்கொண்டு துண்டுக் கணக்கில் கூலி கொடுப்பார். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களோடு பழகி எழுதிய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. வீட்டு வேலையையும் முடித்துவிட்டு நாளுக்குப் பல மணி நேரம் பின்னிய பெண்களை வியாபாரிகள் தொழிலாளர் என்று சொல்லவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறவர்கள்’ என்றார்கள். அந்த ஒரு சொல்லால் கூலியைப் பாதாளத்தில் வைத்திருக்க முடிந்தது என்பதே மீஸ் கண்டது.

இலங்கையிலும் கன்னியர் மடங்களிலும் மிசன் பாடசாலைகளிலும் தையல் பாடத்தோடு இந்த ஊசி புழங்கியது. நாற்காலி முதுகுக்கு விரிப்பு, மேசைக்கு விரிப்பு, பிறகு தொலைக்காட்சிப் பெட்டியின் தலைக்கும் ஒரு விரிப்பு என்று வீடுகளுக்குள் நுழைந்தது.

செடியை வீட்டுக்குள் வைக்கும் ஆசைக்கும் தனியொரு வரலாறு உண்டு. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829இல் மூடிய போத்தலுக்குள் ஒரு பன்னம் தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி, புகை மண்டிய லண்டன் வீடுகளின் முன்னறைக்குச் செடியைக் கொண்டுவந்தது. கப்பலில் மாதக்கணக்கில் செடியைச் சாகாமல் கொண்டுபோகவும் உதவியது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் 1,919 கன்றுகள் இப்படிப்பட்ட 38 பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் விழுந்து கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியிருந்தது. கோப்பி போன இடத்தில் மேலே தேயிலை வந்தது. தாழ்ந்த மலைப் பகுதிகளான களனிப் பள்ளத்தாக்கிலும் சப்ரகமுவவிலும் இறப்பர் வந்தது. அதற்குப் பின்னால் கொழும்பிலிருந்து சின்ன ரயில் வந்தது, தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள்.

இனி நூலின் கதை. நாம் வுல் என்று சொன்னாலும் அதில் ஆட்டு மயிர் ஒன்றுகூட இல்லை. உருண்டையின் லேபலில் அக்ரிலிக் என்று போட்டிருக்கும். பெற்றோலிய வாயுவான புரொப்பிலீனை அமோனியாவோடு சேர்த்துச் செய்யும் ஒரு வேதிப்பொருளிலிருந்து இழுத்த இழை அது. அமெரிக்காவின் டுபோண்ட் நிறுவனம் 1950இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெற்றோலியத்திலிருந்து செய்த செயற்கை இறப்பர்தான் நம் இறப்பர்ப் பாலின் விலைக்கு எப்போதும் போட்டி. அதே பெற்றோலியம் இப்போது இலையாகவும் வீட்டுக்குள் வருகிறது. வெளிநாட்டில் உருண்டையான நூல் துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டைக் கடைகளில் விலையாகி, அவிசாவளை பஸ்ஸில் ஏறி மலைக்கு வந்து சேர்கிறது.

இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு விடியற்காலையிலேயே தொடங்கும். குளிர் நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் விடும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, பல இடங்களில் அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும், இல்லை. போதாததற்கு 2019 முதல் ஒரு புதிய இலை நோய் இலங்கை இறப்பரைப் பிடித்திருக்கிறது. இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி விழுந்து, மரம் மொட்டையாகி, பால் குறைகிறது. கிழங்கு, கோப்பி, இப்போது இறப்பர். பயிரின் இலை வாடும்போதெல்லாம் பெண்களின் கை வேறு வேலையைத் தேடுகிறது.

இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு பின்னலாம். முதல் வளையத்தில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்துநாலு. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும், அது தொட்டி. உள்ளே வெறும் யோகட் கோப்பை, அடியில் சாயாமலிருக்கக் கல், மேலே மண் நிறத்தில் ஒரு வட்டம். இலைக்குச் சங்கிலிக் கண்ணி போட்டு, நடுவில் உயரமும் ஓரங்களில் குட்டையுமாகப் பின்னித் திரும்பவேண்டும். தண்டுக்குள் மெல்லிய கம்பி. ஓரத்தில் கண்ணியை அளவுக்கு மேல் கூட்டினால் இலை தானாகச் சுருளும். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் கணிதவியலாளர் டைனா டைமினா, தாளில் காட்டக் கடினமான வளைந்த வெளியின் வடிவியலை மாணவர்களுக்குத் தொட்டுக் காட்டியது இப்படிப்பட்ட குரோசேயைக் கொண்டுதான். பொம்மையையும் தொட்டிச் செடியையும் சுருள் சுற்றாகப் பின்னும் இன்றைய பாணியை உலகெங்கும் பரப்பியவர்கள் ஜப்பானியர். அவர்கள் வைத்த பெயர் அமிகுருமி.

குரோசேக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்வெட்டர் பின்னல் இயந்திரத்துக்குப் போய் நானூறு வருடத்துக்கு மேலாகிறது. குரோசே இன்னும் போகவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் முடித்துவிட்டே அடுத்ததற்கு நகரும் இந்தப் பின்னலை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இல்லை. எனவே கடையில் எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், குரோசே என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியதுதான். மலிவு என்றால் அந்தக் கைக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் வர்த்தமானி மூலம், படியையும் சேர்த்து, 1,000 ரூபாயானது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ஆனது. போதாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அந்த 2024ஆம் ஆண்டுக் கூலியையே எட்டு மணிக்குப் பிரித்தாலும் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா. ஒரு சின்னத் தொட்டிச் செடிக்கு ஐந்து மணி நேரம் போனால் கைவேலை மட்டும் 840 ரூபாயைத் தாண்டும். நூல், கம்பி, பஞ்சு, பஸ் காசு எல்லாம் அதற்கு மேல். ‘ஒரு வுல் செடிக்கு இவ்வளவா’ என்று கேட்கிறவர் தோட்டத்துக் கூலியைவிடக் குறைவாகக் கேட்கிறார்.

பின்னுகிறவர்கள் முதல் செடியிலிருந்தே ஒரு கொப்பியில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை சொல்லும்போது நூல் காசிலிருந்து தொடங்காமல் மணிக்கணக்கிலிருந்து தொடங்குங்கள். சங்கங்களும் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்களும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அன்றே விலை போடவும் கற்றுக்கொடுக்கவேண்டும். வாங்குகிறவர்கள் பேரம் தொடங்குமுன் எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு தடவை கேளுங்கள். இதைச் சும்மா இருக்கிற நேரத்து வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நரசாபுரத்துப் பெண்களைத் தலைமுறை தலைமுறையாக ஏழைகளாக வைத்திருந்தது அந்தப் பேச்சுத்தான்.