சிந்தாமல் சேர்த்த கைகள்

சிக்கனம் என்றதும் கஞ்சத்தனமே சிலர் நினைவுக்கு வருகிறது. 1970களில் தமிழகத்துச் சிற்றூர்ப் பங்குகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த நமக்கோ, அது வீட்டின் அன்றாட ஒழுங்கு. அந்த ஒழுங்குக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

1954-இல் அமெரிக்க நாடு, தன்னிடம் மிகுந்திருந்த தானியத்தைப் பிற நாடுகளுக்கு வழங்கப் பொதுச் சட்டம் 480-ஐ இயற்றியது. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் இந்தியாவில் மழை பொய்த்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965-இல் மக்களை வேண்டினார். 1966-இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் கப்பல்களில் வந்திறங்கியது. அதில் பெரும்பகுதி அரசு வாங்கியது. நன்கொடையாக வந்தவற்றுள் ஒரு பகுதி, அமெரிக்க ஆயர்கள் 1943-இல் தோற்றுவித்த கத்தோலிக்க நிவாரண அமைப்பின் வழியாகப் பங்குகளை வந்தடைந்தது. பல்கர் கோதுமையும் பால் பவுடரும் சமையல் எண்ணெயும் நம் அடுப்படிக்கு வந்த வழி இதுவே.

உண்டு முடித்த பின்னும் அவை வீட்டைவிட்டுப் போகவில்லை. கோதுமை வந்த துணிச் சாக்கு தலையணை உறையாயிற்று, பள்ளிக்கூடப் பையாயிற்று, சிறுவரின் கால்சட்டையுமாயிற்று. எத்தனை முறை வெளுத்தாலும், கைகுலுக்கும் இரு கரங்களின் சின்னம் மட்டும் மங்கலாய் எஞ்சி நிற்கும். எண்ணெய் டின்னுக்குக் கைப்பிடி பற்றவைத்தால் தண்ணீர் மொள்ள உதவும். அடியில் துளையிட்டால் நாற்றுக்கு நீர் தெளிக்கலாம். அண்ணன் சட்டை தம்பிக்கு. தம்பிக்கும் ஆகாதபோது கரித்துணி. சோறு வடித்த கஞ்சியில் பாதி குடிக்க, பாதி துணிக்குப் போட.

இவ்வுதவியைப் பெற்றவர்களைக் கோதுமைக்காக மதம் மாறியவர்கள் என்று இகழ்ந்தோரும் உண்டு. அந்த ஏச்சு நம் பெற்றோரைச் சுட்டது. ஆயினும் அதே வீடுகளில், உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் வழக்கமும் இருந்தது. ஞாயிறன்று அந்தப் பிடி அரிசி ஆலயத்திற்குப் போகும். தம்மினும் எளியவருக்கு அது உணவாகும். வாங்கிய கை கொடுக்கவும் செய்தது. ஏச்சுக்கு அவர்கள் அளித்த மறுமொழி அதுவே.

அக்காலத்தை வாழ்த்திப் பாடுவதும் முறையன்று. அந்தச் சிக்கனத்தின் சுமையைப் பெரிதும் சுமந்தவர் தாய்மார். எல்லாரும் உண்டபின் பானையில் எஞ்சியதே அவர்கள் பங்கு; எஞ்சாத நாள்களும் இருந்தன. வறுமை புண்ணியமன்று. அது நீங்க உழைத்தோரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராயிருந்த காலத்தில், 1966-இல், 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை தருவிக்கப்பட்டது. பிற நாட்டுத் தானியத்தை எதிர்பார்த்திருந்த நிலை மாற அது வழிகோலிற்று.

வறுமை குறைந்தது நன்று. அதனோடு அந்த ஒழுங்கும் போனதே வருத்தம். ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு நம் ஆண்டவர் பணித்ததை யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவர்க்குத் துண்டு எதற்கு? குறைவு கண்டு சேர்ப்பது தேவை. நிறைவிலும் சேர்ப்பதே நன்றியறிதல். அன்று நிரம்பிய கூடைகள் 12.

இன்று நம் திருவிழா அசனங்களில் பாதி உண்ட இலைகள் மடிக்கப்படுவதைக் காண்கிறோம். அந்தச் சோறு யாருடைய பிடி அரிசி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கடமை நம்முடையது.