விரலுக்கு ஏற்ற எழுத்து

திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்கள், அடி அண்ணாமலை வந்ததும் ஒரு காரியம் செய்து பாருங்களேன். கால் வலிக்கு எங்கேயாவது உட்காருவீர்கள். பக்கத்தில் உபயதாரர் பெயர் வெட்டிய கல் இருந்தால் (இல்லாமலா இருக்கும்!), கண்ணை மூடிக்கொண்டு விரலால் படியுங்கள். நான் முயன்றேன். ‘உபயம்’ என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் கூட வந்தவர்கள் டீயே குடித்து முடித்துவிட்டார்கள்!

பாரிஸில் 1785-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் பிள்ளைகள் இப்படித்தான் படித்தார்கள். காகிதத்தில் புடைத்து நிற்கும் பெரிய பெரிய எழுத்துகள். ஒவ்வொன்றாகத் தடவி முடிப்பதற்குள் வாக்கியத்தின் ஆரம்பம் மறந்து போகும். எழுதவோ வழியே இல்லை.

1819-ல் அங்கே வந்து சேர்ந்தான் பத்து வயது லூயி பிரெய்லி. குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். மூன்று வயதில் அப்பாவின் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணைக் குத்திவிட்டது. புண் சீழ்பிடித்து மற்ற கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் முழு இருட்டு.

சார்லஸ் பார்பியே என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய புள்ளி எழுத்து 1821-ல் பள்ளிக்கு வந்தது. ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறாகக் குறைத்தான். அந்த ஆறிலேயே 63 வடிவங்கள்! 1824-ல் அவன் இதை முடித்தபோது வயது பதினைந்து. எழுதுவதற்கு என்ன கருவி தெரியுமா? கிட்டத்தட்ட அதே குத்தூசிதான்.

உடனே மாலை போட்டார்களா? அதுதான் இல்லை. 1840-ல் வந்த புதிய இயக்குநர் தடையே போட்டார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புரியாத எழுத்தாம்! யார் படிப்பதற்காக உண்டானது என்பதையே மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் விடவில்லை. ரகசியமாகக் குத்தி, ரகசியமாகவே படித்தார்கள். கடைசியில் 1844-ல், அந்தப் பள்ளியின் விழாவிலேயே எல்லோர் முன்னிலையிலும் அதைப் படித்துக் காட்டும்படி ஆனது. பிரான்ஸ் அரசு ஏற்றுக்கொண்டதோ 1854-ல். லூயி 1852-லேயே, 43 வயதில், காசநோயால் போய்ச் சேர்ந்திருந்தார்.

நம் ஊரில் ஆளுக்கொரு பிரெய்லி முறை ஓடிக்கொண்டிருக்க, 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ‘பாரதி பிரெய்லி’ வந்தது. லூயியின் ‘ஏ’ எழுத்துக்கான ஒற்றைப் புள்ளிதான் தமிழில் ‘அ’. இன்னொரு வேடிக்கை. ‘கொ’ எழுத நாம் முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று சுற்றி வளைக்கிறோம். பிரெய்லியில் முதலில் ‘க’, அடுத்து ‘ஒ’. உச்சரிக்கிற வரிசையிலேயே!

1952-ல் லூயியின் எலும்புகளை பாரிஸில் மாமனிதர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துப்போனது பிரான்ஸ். சொந்த ஊரான கூப்வ்ரேக்காரர்கள் கைகளை மட்டும் தரவில்லை. அவை இன்றும் அந்த ஊர்க் கல்லறையில், ஒரு சிறிய பேழைக்குள் இருக்கின்றன.