மீன்குஞ்சின் முதல் இரை

கடல்மீன் குஞ்சு பொரிந்து வரும்போதே கட்டுச்சோற்றுடன் வருகிறது. அதுதான் மஞ்சள்கருப் பை. சில நாட்களில் அது தீர்ந்துவிடும். அதற்குள் அந்தச் சின்ன வாய்க்கு அடங்கும் இரை கிடைக்காவிட்டால் சாவுதான்.

நார்வேயின் ஃப்ளோடெவிகன் பொரிப்பகம் 1884 முதல் காட் மீன்குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் கடலில் விட்டது. இரை கொடுத்து வளர்க்க வழியில்லை. அதனால் மஞ்சள்கரு தீரும் முன்பே விட்டார்கள். மீன்வளம் அதனால் பெருகியது என்று நிரூபிக்க முடியாமல், 1971-இல் நிறுத்திவிட்டார்கள். முதல் இரை தேடும் அந்தச் சில நாட்களே ஓர் ஆண்டின் மீன்வளத்தைத் தீர்மானிக்கின்றன என்று யோஹான் யோர்ட் 1914-லேயே எழுதியிருந்தார்.

சரி, அந்த இரை எங்கே கிடைத்தது தெரியுமா? ஜப்பானின் விலாங்குக் குளங்களில்! அங்கே பச்சைப்பாசியைத் தின்று தண்ணீரைக் கெடுக்கும் தொல்லையாகத்தான் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கைப் பார்த்தார்கள். அது மீன்குஞ்சுக்கு நல்ல இரை என்று தகாஷி இட்டோ 1960-இல் தெரிவித்தார். அளவு 0.1 முதல் 0.3 மி.மீ. தான். மெதுவாக நீந்துவதால் குஞ்சால் எளிதாகப் பிடிக்க முடியும்.

பிறகும் ஒரு சிக்கல். ஈஸ்ட் மட்டும் போட்டு வளர்த்த ரோட்டிஃபரைத் தின்ற குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன. ஒமேகா-3 கொழுப்பு அமிலக் குறைவே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இன்று குஞ்சுக்கு ஊட்டுவதற்கு முன், அதன் இரைக்குச் சத்து ஊட்டுகிறார்கள்.