ஜாம்கேட்டுக் குழந்தைகளும் சேரிக் கிணறும்

பசித்த குழந்தைக்கு உணவளித்தால் அதன் உடல் தேறிவிடும் என்று எண்ணுதல் இயல்பே. மகாராஷ்டிரத்து ஜாம்கேட்டின் வரலாறோ அவ்வளவு எளிதானதன்று.

1970ஆம் ஆண்டில் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளேயும் அவர்தம் துணைவியார் டாக்டர் மேபல் ஆரோளேயும் அங்கே ஊரக நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கினர். இருவரும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். அடுத்த சில ஆண்டுகளில் கொடிய வறட்சி சூழ்ந்தது. ஊரார் முதலில் வேண்டியது மருந்தன்று, உணவும் நீருமே. ஆகவே குழந்தைகளுக்குப் பொதுச் சமையற்கூடங்கள் எழுந்தன. ஆயினும், மாசுற்ற நீரைப் பருகிக் கழிச்சலுற்ற குழந்தையின் உடலில் உண்ட உணவு ஒட்டுவதில்லை. நோய் பசியைக் கெடுக்கும். மெலிவு மீண்டும் நோயை அழைக்கும். நல்ல நீரின்றி இச்சுழல் அறாது.

இங்கேதான் சாதி குறுக்கிட்டது. ஊர்ப் பொதுக் கிணற்றைத் தீண்டும் உரிமை தாழ்த்தப்பட்டோர்க்கு இல்லை. எனவே ஆழ்குழாய்க் கிணறுகளைச் சேரிப்பகுதியிலேயே அமைக்குமாறு ஆரோளே இணையர் பார்த்துக்கொண்டனர். நீர் வேண்டிய மேல்சாதியார் குடத்துடன் சேரிக்கு வந்தனர். எத்தனையோ சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு கைப்பம்பு செய்தது என்றே நாம் கருதுகின்றோம்.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்தோறும் அமர்த்தினர், அது பயன்தரவில்லை. பின்னர் அவ்வவ்வூர்ப் பெண்களையே நலப் பணியாளராக்கினர். அவருள் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்ட குலத்தாரும் பலர். பயிற்சிக்கு வந்த இடத்தில் அனைவரும் ஒருங்கே உண்டனர். ஒரே பெரும் போர்வையின் கீழ் உறங்கினர். ஊர் திரும்பியபின் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தனர். சீம்பாலைப் பிழிந்து கொட்டாதீர் என்றனர். கழிச்சல் கண்ட பிள்ளைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் புகட்டக் கற்பித்தனர். ஆறு திங்கள் கடந்த பிள்ளைக்குப் பாலோடு பருப்பும் கீரையும் மசித்து ஊட்டச் சொன்னவரும் அவரே. தீண்டத்தகாதவள் எனப்பட்டவளின் கையில் பிறசாதித் தாய் தன் மகவை ஒப்படைத்தாள். இதனை எந்தத் தராசில் நிறுப்பது?

திட்டத்தாரின் கணக்குப்படி, தொடக்கத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் ஊட்டமின்றி மெலிந்திருந்தனர். 1980களின் பிற்பகுதியில் அது 5 அளவிற்குக் குறைந்தது. 1979ஆம் ஆண்டில் மகசேசே விருது இணையர் இருவர்க்கும் வழங்கப்பெற்றது. மேபல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர்.